புறநகர்ப் பேரறிஞர் அல்பிரூனி

வான்மதியைக் கண்டு வியவாத மாந்தர் இலர். அன்னை அதனைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுகிறாள். முதியவர் அதன் கீற்றைக் கண்டு நோன்பு நோற்கிறார், பெருநாள் கொண்டாடுகிறார். அறிவியலார் அதன்மீது கலம் இறக்குகின்றனர். மூவரும் காண்பது ஒரே மதியைத்தான்.

ரமளான் பிறை தேடும் மாலையொன்றில் தாம்பரத்தை அடுத்த ஒரு வீட்டின் மொட்டைமாடியில் நாம் நின்றிருந்தோம். மேற்கே முடிச்சூர்ப் பக்கம் வானம் செம்மை மாறிக்கொண்டிருந்தது. முதியவர் ஒருவர் புருவத்தின்மேல் கையை வைத்து அடிவானத்தைத் துழாவினார். அருகில் நின்ற மாணவர் தம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். பிறை எத்திசையில் உள்ளது, அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது, எப்பொழுது மறையும் என்பவற்றையெல்லாம் அக்கருவி நொடியில் காட்டிற்று. ஆயினும் மேகம் திரண்டிருந்தமையால் இருவர் கண்ணுக்கும் பிறை தென்படவில்லை.

படியிறங்கி வருகையில் அம்மாணவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். இன்று கணிப்பொறி கணக்கிடுகிறது, கட்டுரை எழுதுகிறது, கேட்டதற்கெல்லாம் விடையும் தருகிறது. இனி மனிதன் கண்விழித்துக் கற்கவேண்டிய தேவை யாது என்பதே அவ்வினா. அதனைச் சோம்பலின் குரல் என்று நாம் தள்ளிவிட இயலவில்லை. எதிர்காலம் பற்றிய உண்மையான அச்சம் அதில் ஒலித்தது. அன்று நாம் கூறிய மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. நிறைவான விடையைத் தேடியபோது, ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு பெருமகனாரின் வாழ்க்கை நம் கண்முன் விரிந்தது. அவரே அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி.

புறநகரில் பிறந்தவர்

ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ ஆறு பாயும் குவாரிஸ்ம் நாட்டில், காத் என்னும் நகரை ஒட்டிய பகுதியில் கி.பி. 973 செப்டம்பரில் அல்பிரூனி பிறந்தார். அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. பாரசீக மொழியில் பிரூன் என்பது வெளிப்புறத்தைக் குறிக்கும். நகரின் உள்ளே பிறவாமல் அதன் வெளிப்புறத்தே பிறந்தவர் ஆதலின் பிரூனி என அழைக்கப்பட்டார் என்பர். நம் வழக்கில் கூறினால் அவர் ஒரு புறநகர்வாசி. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வண்டலூரிலும் வாழ்ந்து, நாள்தோறும் மின்தொடர் வண்டியேறி மாநகருக்குச் சென்று மீளும் நமக்கு இப்பெயர் இனிக்கவே செய்யும். புறநகரில் பிறந்த ஒருவர் பெயரை உலகம் ஆயிரம் ஆண்டுகளாக மறவாதிருக்கிறது.

அரச மரபினரும் கணித வல்லுநருமாகிய அபூ நஸ்ர் மன்சூர் என்பார் அவருடைய ஆசிரியர். ஆசானின் அரவணைப்பில் வளர்ந்த மாணவர், பதினேழு வயதளவிலேயே கதிரவனின் உச்சி உயரத்தை அளந்து காத் நகரின் அகலக்கோட்டைக் கணித்தார். ஆனால் அமைதியாகக் கற்கும் பேறு அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. 995ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆசிரியரின் குலம் ஆட்சியை இழந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அவர் பிறந்த காலத்தை நாம் எளிதில் நினைவிற்கொள்ள ஒரு வழியுண்டு. அவருக்குப் பன்னிரண்டு வயது நிகழ்ந்த 985ஆம் ஆண்டில் தஞ்சையில் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான். அங்கே பெரிய கோயில் எழுந்த காலமும், இராசேந்திரனின் படை கங்கை நோக்கிச் சென்ற காலமும் அல்பிரூனி நூல்கள் இயற்றிக்கொண்டிருந்த காலமேயாகும்.

இரு நகரங்கள், ஒரு நிலா

பூமியில் இரண்டு ஊர்களுக்கிடையே கிழக்கு மேற்காக எத்தனை பாகை வேறுபாடு உண்டு என்று அறிவது அக்காலத்தில் அரிய செயல். நேரம் காட்டும் துல்லியமான பொறி இல்லை. செய்தியை உடனுக்குடன் அனுப்பும் வழியும் இல்லை. அதற்கு அல்பிரூனி நிலாவையே கடிகாரமாகக் கொண்டார். நிலா மறைப்பு நிகழும் கணம் உலகில் அதனைக் காண்போர் அனைவர்க்கும் ஒன்றே. ஆனால் அக்கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் நேரம் வெவ்வேறாக இருக்கும். அவ்வேறுபாடு ஒரு மணியாயின் இரண்டு ஊர்களுக்கும் இடையே 15 பாகை என்று பொருள்.

997ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் நிகழ்ந்த நிலா மறைப்பைக் காத் நகரிலிருந்து அல்பிரூனி நோக்கினார். முன்னரே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பக்தாதில் அபுல் வஃபா என்னும் முதுபெருங் கணித மேதை அதனை நோக்கினார். இருவர் குறித்த நேரங்களையும் ஒப்பிட்டு ஊர்களின் இடைவெளி கணிக்கப்பட்டது. ஒருவர் இருபத்துமூன்று வயது இளைஞர். மற்றவர் புகழ்பெற்ற பெரியவர். நெடுந்தொலைவில் இருந்த இருவரையும் ஒரே இரவில், ஒரே பணியில் அந்த நிலா இணைத்தது.

இத்தகைய ஆர்வத்திற்கு அவர் விலையும் கொடுத்தார். இளமையில் கதிரவன் மறைப்பை நேரே உற்றுநோக்கியதால் தம் பார்வை குன்றியதை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். கதிரவனை நேரே பாராது, நீரில் விழும் உருவைப் பார்ப்பதே நலம் எனப் பின்வருவோர்க்கு அறிவுறுத்தினார். தாம் பட்ட துன்பம் பிறர்க்குப் பாடமாகட்டும் என்னும் பரிவு அதில் புலனாகிறது.

கணக்குப் பலகையே கருவியானது

கி.பி. 1000 அளவில், காஸ்பியன் கடலோர நாடாகிய ஜுர்ஜானின் அரசர் காபூஸின் ஆதரவில், பண்டைய சமூகங்களின் நாட்காட்டி முறைகளை ஆராயும் பெருநூலை அவர் படைத்தார். சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களிலும் இரட்டித்து வைத்தால் மொத்தம் எத்தனை மணி என்னும் கணக்கு அந்நூலில் உள்ளது. விடை 18,446,744,073,709,551,615 என்னும் இருபது இலக்க எண். அதனை அறிய 64 முறை கூட்டிக்கொண்டிருத்தல் வேண்டா. இரண்டைத் தன்னாலேயே பெருக்கி, வந்ததை மீண்டும் தன்னாலேயே பெருக்கி, இவ்வாறு ஆறு முறை செய்து ஒன்றைக் கழித்தால் போதும். நீண்ட உழைப்பைக் குறுகிய வழியாக்கும் இத்தகைய நெறியே இன்றைய கணிப்பொறிக்கும் உயிர்நாடி எனலாம்.

பின்னர்த் தாய்நாடு திரும்பி, அரசரின் அவையில் உயர்நிலை பெற்றார். 1017இல் கஜ்னியின் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அறிஞர் பலருடன் அல்பிரூனியும் கஜ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தம் விருப்பத்தால் சென்றவர் அல்லர். வெற்றிகொண்டவரின் ஆணைக்கு உட்பட்டவராகவே சென்றார்.

அதற்கடுத்த ஆண்டு, 1018 அக்டோபரில், காபூலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மனம் நொந்த நிலையில் அவர் தங்கியிருந்தார். கையில் வானநோக்குக் கருவி ஏதுமில்லை. அந்நிலையிலும் கதிரவனின் உயரத்தை அளக்கும் அவா அடங்கவில்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பினார். அதன் பின்புறத்தில் வட்டத்தின் வில்லொன்றை வரைந்து பாகைகளைக் குறித்தார். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டார். அதனையே கருவியாக்கி அவ்வூரின் அகலக்கோட்டைக் கண்டறிந்தார். ஆய்வுக்கூடத்தில் இன்ன கருவி இல்லை, இன்ன வசதி இல்லை எனக் குறைகூறும் நம்மனோர் ஒருகணம் நின்று எண்ணத்தக்க நிகழ்ச்சி இது.

நந்தனாக் குன்றும் பறங்கிமலையும்

அவர் ஆற்றிய அருஞ்செயல்களுள் தலையாயது பூமியின் அளவைக் கண்டது. அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன் கலீபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் பாலைவெளியில் கயிறு பிடித்து நெடுந்தொலைவு நடந்து ஒரு பாகையின் நீளத்தை அளந்திருந்தனர். அல்பிரூனி வேறுவழி கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், ஜீலம் பகுதியில் உள்ள நந்தனாக் கோட்டைக் குன்றும் அதன்முன் பரந்துகிடந்த சமவெளியும் அதற்கு வாய்ப்பாயின.

முதலில் சமவெளியில் இரண்டு இடங்களிலிருந்து குன்றின் உச்சியை நோக்கிக் கோணங்களை அளந்து அதன் உயரத்தைக் கணித்தார். அது 652 முழம். பின்னர்க் குன்றின்மேல் ஏறி நின்று, அடிவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு கீழே தாழ்ந்து தோன்றுகிறது என அளந்தார். அத்தாழ்வு 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். பூமி உருண்டையாதலால்தான் இத்தாழ்வு உண்டாகிறது. குன்றின் உயரத்தையும் இத்தாழ்வையும் கொண்டு முக்கோணவியல் வழியே பூமியின் ஆரம் ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் முழம் எனக் கண்டார். அவர் கொண்ட முழம் எத்துணை நீளம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இன்று நாம் கொள்ளும் 6,371 கிலோமீட்டருக்கு அவ்விடை மிக அணுக்கமானது என்பதே பலர் முடிவு. ஒரு குன்றின் உச்சியில் நின்று உலகையே அளந்தார் அவர்.

நம் பகுதியிலும் இத்தகைய ஒரு குன்று உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி பறங்கிமலையருகே சங்கிலி பிடித்து, பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்திய நாட்டின் மாபெரும் முக்கோண நில அளவை அங்கிருந்தே விரிந்தது. பூமியின் உண்மையான வடிவத்தை அறிவது லாம்டனின் வேட்கையாகவும் இருந்தது. நந்தனாக் குன்றில் எழுந்த அதே வினா, எண்ணூறு ஆண்டுகட்குப் பின் நம் பறங்கிமலை அடிவாரத்திலும் எழுந்தது. இன்று அவ்வழியே பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்லும் நம்முள் எத்தனைபேர் அதனை நினைக்கிறோம்?

நிலாப் பெட்டி

நம் மாணவரின் வினாவுக்கு நேரே தொடர்புடைய செய்தி இனி வருவது. வானநோக்குக் கருவிகள் பற்றிய தம் நூலில் அல்பிரூனி ஒரு பொறியை விவரித்துள்ளார். நிலாப் பெட்டி என்பது அதன் பெயர். ஒன்றோடொன்று பற்களால் இணைந்த எட்டுச் சக்கரங்கள் அதனுள் அடங்கியுள்ளன. அவற்றைச் சுழற்றினால் கதிரவனும் நிலாவும் வானத்தில் நிற்கும் இடமும், நிலாவின் வளர்பிறை தேய்பிறை நிலையும் புறத்தே தோன்றும்.

நிலாத் திங்களுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். சக்கரத்தில் அரைப் பல் வெட்ட இயலாது. ஆகவே இரண்டு திங்களைச் சேர்த்து 59 பற்கள் கொண்ட சக்கரம் அமைக்கப்பட்டது. ஒரு திங்கள் முப்பது நாளாகவும் அடுத்தது இருபத்தொன்பது நாளாகவும் மாறிமாறி வரும் நிலை அச்சக்கரத்திலேயே அமைந்துவிடுகிறது. மனிதன் மனத்தால் செய்யும் கணக்கைப் பித்தளைப் பற்கள் செய்கின்றன. இத்தகைய பற்சக்கர நாட்காட்டி பொருத்தி இஸ்பஹானில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட வானநோக்குக் கருவி ஒன்று இன்றும் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் காணக்கிடைக்கிறது. இன்றைய சிந்திக்கும் பொறிகளின் மூதாதையருள் இதுவும் ஒன்று எனல் மிகையாகாது.

இத்தகைய பொறியின் இயல்பை நன்கறிந்த அல்பிரூனி, பொறி காட்டுவதே முடிந்த முடிவு எனக் கொண்டாரா என்றால், இல்லை. பிறை கண்ணுக்குத் தெரிவது வெறும் கணக்கால் மட்டும் உறுதிசெய்யத் தக்கதன்று. காற்றின் தெளிவும் இடத்தின் தன்மையும் காண்பவரின் பார்வைக் கூர்மையும் அதில் கலந்துள்ளன என அவர் தம் நாட்காட்டி நூலில் விளக்கினார். பிறை குறித்த மார்க்கத் தீர்ப்பு உலமாப் பெருமக்களுக்குரியது. நாம் ஈண்டு அதனுள் புகவில்லை. கணக்கின் ஆற்றலை முழுதும் அறிந்தவரே அதன் எல்லையையும் அறிந்திருந்தார் என்பதே நாம் கருதத்தக்கது. மொட்டைமாடியில் கைப்பேசி பிறையைக் காட்டியது. மேகத்தை அது விலக்கவில்லை.

அயலாரைக் கற்றவர்

கஜ்னிக்கு வந்தபின் அவர் வாழ்வில் மற்றொரு வாயில் திறந்தது. நாற்பத்தைந்தை நெருங்கிய வயதில் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். தாய்மொழி குவாரிஸ்மியம், நூல் எழுதும் மொழி அரபி, இவற்றுக்குமேல் முற்றிலும் வேறான ஒரு மொழி. அதன் சொல்வளமும் ஒலிகளும் தம்மைத் திணறச் செய்ததை அவர் மறைக்கவில்லை. பண்டிதரை நாடி, ஏடுகளைத் தேடி, பொருள் செலவிட்டுக் கற்றார். அதன் பயனாக 1030 அளவில் இந்தியா பற்றிய பெருநூல் 80 இயல்களில் உருவாயிற்று. சமயம், இலக்கியம், வானநூல், அளவைகள், பழக்கவழக்கங்கள் என அனைத்தையும் அந்நூல் விரித்துரைக்கிறது. எட்வர்ட் சக்காவ் என்னும் செருமானிய அறிஞர் அதனை 1887இல் பதிப்பித்து, அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலும் பெயர்த்தார்.

பிற சமயத்தாரின் கருத்தைத் தூற்றாமல், அவர்கள் கூறுகின்றவாறே எடுத்துரைப்பதை அவர் தம் நெறியாகக் கொண்டார். மஹ்மூதின் படையெடுப்புகளால் நாட்டின் வளம் சிதைந்ததையும், அறிவுக்கலைகள் எட்டாத இடங்கட்கு ஒதுங்கிச் சென்றதையும் அம்மன்னரின் தலைநகரிலிருந்தே எழுதினார். பூமி சுழல்கிறது என்னும் ஆரியபட்டர் வழியினரின் கொள்கையையும் ஆராய்ந்தார். அதனை ஏற்பதால் வானக்கணிதம் குலைந்துவிடாது என ஒப்புக்கொண்டார். எனினும் பூமி நிலையானது என்பதே அவர் மேற்கொண்ட கருத்து. பேரறிஞர்க்கும் எல்லை உண்டு; அதனை மறைத்துக் கூறுவது அவர்க்கு நாம் செய்யும் மதிப்பாகாது.

அவர் தமிழகத்திற்கு வந்ததில்லை. பஞ்சாபிற்கு அப்பால் அவர் பயணம் பெரிதும் நீளவில்லை. ஆயினும் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு தென்கடற்கரையை அவர் வரிசைப்படுத்தும் பகுதியில் காஞ்சியும், இலங்கைக்கு எதிரே உள்ள இராமேசுவரமும் இடம்பெற்றுள்ளன. நம் தாம்பரத்திலிருந்து ஒருநாளில் சென்று மீளும் காஞ்சியின் பெயர், ஆயிரம் ஆண்டுகட்கு முன் கஜ்னியில் ஒரு குவாரிஸ்ம் நாட்டறிஞரின் எழுதுகோலால் அரபியில் வரையப்பட்டது என்பது எத்துணை மகிழ்ச்சி தருகிறது!

இறுதிப் பாடம்

மஹ்மூதின் மகன் மஸ்ஊதுக்கு உரிமையாக்கி 11 பகுதிகள் கொண்ட வானநூல் பெருங்களஞ்சியத்தை அவர் இயற்றினார். அதற்குப் பரிசாக ஒரு யானைச்சுமை வெள்ளி அனுப்பப்பட்டதாகவும், தமக்கு அது வேண்டா எனத் திருப்பியனுப்பியதாகவும் கூறுவர். அவர் எழுதியவை ஏறத்தாழ 146 நூல்கள் எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் நமக்குக் கிடைப்பவை சிலவே. எண்பதை எட்டிய முதுமையில், கண்ணும் செவியும் தளர்ந்தபின்னும், துணைவர் ஒருவரின் உதவியுடன் மருந்துப் பொருள்கள் பற்றிய நூலைத் தொகுத்தார்.

அவருடைய இறுதி நாள் பற்றி யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அல்பிரூனியைக் காணச் சட்ட அறிஞர் ஒருவர் வந்தார். வாரிசுரிமைப் பங்கீட்டில் பாட்டியின் பங்கு தொடர்பாக முன்பொருகால் பேசிய சிக்கலொன்றை அந்நிலையிலும் அல்பிரூனி வினவினார். இந்நேரத்திலா என வந்தவர் இரங்கினார். அறியாமலே உலகைவிட்டுச் செல்வதினும் அறிந்து செல்வது மேலன்றோ எனும் கருத்துப்பட மறுமொழி வந்தது. சட்ட அறிஞர் விளக்கினார். அல்பிரூனி அதனைத் திரும்பச் சொல்லி மனத்திலிருத்தினார். விடைபெற்றுத் தெருவில் இறங்கிய சிறிது நேரத்திலேயே வீட்டினுள்ளிருந்து அழுகுரல் கேட்டதாம். அவர் மறைந்தது 1048ஆம் ஆண்டு என்பர். அதற்கு ஓரிரு ஆண்டு பின் என்பாரும் உளர்.

நமக்குரிய விடை

அல்பிரூனி குறிப்பிட்ட அதே இராமேசுவரத்தில், ஏறத்தாழ 900 ஆண்டுகட்குப் பின், 1931இல் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் பிறந்தார். நம் அண்டையூராகிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றார். 2008இல் சந்திரயான்-1 புறப்பட்டபோது, நிலாவைச் சுற்றினால் மட்டும் போதாது, அதன் மண்ணையும் தொடவேண்டும் என்னும் அவருடைய கருத்து செயலாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் மூவண்ணக்கொடி தீட்டிய கருவி நிலாமேல் சென்று மோதிற்று. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலாவின் தென்முனையை அடுத்த பகுதியில் மெல்ல இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இறங்கும் இறுதிக் கட்டத்தில் தரையிலிருந்து எவரும் அக்கலத்தைச் செலுத்தவில்லை. அதுவே உயரத்தை அளந்து, மேடுபள்ளம் ஆராய்ந்து, தக்க இடத்தைத் தேர்ந்தது. எட்டுச் சக்கர நிலாப் பெட்டி வளர்ந்து வளர்ந்து நிலாவிலேயே இறங்கிவிட்டது எனலாம்.

எனினும் அப்பொறி எதனை ஆராயவேண்டும், எங்கே ஐயுறவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி அமைத்தவர்கள் கற்ற மாந்தரே. நிலாவின் மறுபக்கத்தில் அல்பிரூனியின் பெயர் தாங்கிய பெரும்பள்ளம் ஒன்று உள்ளது. அப்பெருமை அவர்க்கு விடைகளைச் சேர்த்துவைத்ததால் வரவில்லை. கேட்பதை ஒருநாளும் நிறுத்தாமையால் வந்தது. மரணப்படுக்கையில் பெற்ற விடையால் அவர் ஈட்டக்கூடிய பொருள் ஏது? தேர்ச்சி ஏது? பட்டம் ஏது? கல்வி பயனுக்கான கருவி மட்டுமாயின், அன்று அவர் வாய்மூடி இருந்திருப்பார். அறிதல் அவருக்கு உயிர் வாழ்தலின் ஒரு பகுதியாகவே இருந்தது. அப்பகுதியை எப்பொறியும் நமக்காக வாழ்ந்து தர இயலாது.

அன்று படியிறங்குகையில் வினவிய மாணவர்க்கு இப்போது நாம் கூறவல்லது இதுவே. கைப்பேசியை எறிந்துவிட வேண்டா. அல்பிரூனி நிலாப் பெட்டியை எறிந்தவர் அல்லர். அது காட்டும் விடை எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். அது எங்கே பிழைபடும் என்று ஆராயுங்கள். கருவி இல்லாத நாளில் கணக்குப் பலகையைத் திருப்பிப் போடும் துணிவைப் பெறுங்கள். அடுத்த ரமளான் பிறைக்கு அதே மொட்டைமாடியில் அம்முதியவரோடு நாமும் நிற்போம். மாணவரே, நீரும் வருக, கைப்பேசியையும் கொண்டுவருக, கண்களையும் கொண்டுவருக.